கணிப்பொறி வரைபடங்களில் அச்சும் அளவுத்திட்டமும்

பள்ளியிறுதித் தேர்வில் வரைபடத்தாளில் கணக்குப் போட்ட நாள்களை நம்முள் எவரும் மறந்திருக்க இயலாது. தாளின் மேல் மூலையில் 'அளவுத்திட்டம்' என்று தலைப்பிட்டு, 'கிடை அச்சில் 1 செ.மீ. = 10 அலகுகள்; குத்து அச்சில் 1 செ.மீ. = 5 அலகுகள்' என்று எழுதிய பின்னரே புள்ளிகளைக் குறிக்கத் தொடங்குவோம். அதனை எழுத மறந்தால் மதிப்பெண் குறையும். அந்நாளில் அது வெறும் சடங்காகவே நமக்குத் தோன்றியது. ஆனால், வரைபடத்தின் உயிர்நிலை அதுவே என்பதை இன்று உணர்கிறோம்.

இன்று அளவுத்திட்டத்தை நாம் எழுதுவதில்லை, கணிப்பொறி எழுதிக்கொள்கிறது. நிரல் ஒன்றில் எண்களைக் கொடுத்து 'வரைக' எனக் கட்டளையிட்டால், அச்சு எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும், எத்தனை கோடுகள் இட வேண்டும் என்பவற்றை எல்லாம் அதுவே முடிவு செய்து, நொடிப்பொழுதில் அழகிய படத்தை நம்முன் வைக்கிறது. வசதிதான். எனினும் மூலையில் எழுதும் பழக்கம் போனதோடு, அளவுத்திட்டத்தைப் பற்றி எண்ணிப்பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. கணிப்பொறி வரைபடங்களில் அச்சின் அளவுத்திட்டம் எவ்வாறு அமைகிறது, அதனை நாம் எவ்வாறு ஆள வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறையினர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சொல்லடைவும் சொல் எண்ணிக்கையும் இன்று தமிழாய்வில் இடம்பெற்றுவிட்டன. அன்றியும், தேர்ச்சி விழுக்காடு முதல் மாணவர் சேர்க்கை வரை எல்லாவற்றையும் வரைபடமாகக் காட்டுக என்னும் காலம் இது. ஆதலால் இது நம் வேலையும் ஆயிற்று.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கூட்டத்தில் இரு பிரிவுகளின் தேர்ச்சி நிலையை விளக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் 50 மாணவர். முதற் பிரிவில் நான்கு ஆண்டுகளின் தேர்ச்சி 94, 94, 92, 90 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் 60, 64, 66, 70 விழுக்காடு. முன்னாள் மாணவர் ஒருவர் எழுதித்தந்த சிறு நிரலைக் கொண்டு இரண்டு வரைபடங்களை வரைந்து, பக்கத்துக்குப் பக்கம் திரையில் இட்டோம்.

முதற் படத்தில் கோடு சட்டத்தின் உச்சியிலிருந்து அடிவரை சரிந்து கிடந்தது. இரண்டாம் படத்தில் கோடு அடியிலிருந்து உச்சிக்கு ஏறி நின்றது. அவையிலிருந்த பெரியவர் ஒருவர், "என்ன பேராசிரியரே, அந்தப் பிரிவு இப்படிச் சரிந்து போய்விட்டதே!" என்று வருந்தினார். அப்பிரிவைப் பல்லாண்டு தம் தோளில் சுமந்த மூத்த ஆசிரியர் மறுமொழி கூறாமல் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். நமக்கும் அந்நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. படத்தின் தோற்றம் நம்மையும் மயக்கியிருந்தது.

வீடு திரும்பிய பின்னரே அச்சில் இருந்த சிற்றெழுத்துகளைக் கண்டோம். முதற் படத்தின் குத்து அச்சு 90-ஐ ஒட்டித் தொடங்கி 94-ஐ ஒட்டி முடிந்திருந்தது. இரண்டாவது 60-ஐ ஒட்டித் தொடங்கி 70-ஐ ஒட்டி முடிந்திருந்தது. 'சரிந்துபோன' பிரிவு இறுதி ஆண்டிலும் மற்றதைவிட 20 விழுக்காடு மேலே இருந்தது. 94-க்கும் 90-க்கும் உள்ள வேறுபாடு, 50 பேரில் இரண்டே மாணவர்! அந்த இருவருக்காக ஓர் ஆசிரியர் அவையில் தலைகுனிய நேர்ந்தது. எண்களில் பிழை இல்லை. நிரலிலும் பிழை இல்லை. அளவுத்திட்டத்தை எண்ணிப்பாராத பிழை நம்முடையதே.

தானியங்கி அளவு எவ்வாறு இயங்குகிறது?

எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் வரைந்து நூலாக வெளியிட்ட முன்னோடி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். அவருடைய வணிக அரசியல் வரைபட நூல் 1786-இல் வெளிவந்தது. அவர் கையால் செய்ததை இன்று மென்பொருள்கள் செய்கின்றன. 1986-இல் தோன்றிய நூப்ளாட், 1990-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆர், ஜான் ஹன்டர் உருவாக்கி 2003-இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

அச்சை அமைக்கும் வேலையில் இவை பெரும்பாலும் மூன்று படிகளைக் கடைப்பிடிக்கின்றன. முதலாவது, கொடுக்கப்பட்ட எண்களுள் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கண்டறிதல். இரண்டாவது, புள்ளிகள் சட்டத்தில் முட்டாதிருக்க இருபுறமும் சிறிது இடம் விடுதல். ஆர் மொழியின் அடிப்படை வரைபடங்களில் இந்த இடம் வீச்சில் 4 விழுக்காடு. மேட்பிளாட்லிப்பில் 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் 5 விழுக்காடு. மூன்றாவது, 1, 2, 5 ஆகியவற்றின் மடங்குகளாக, வாய்க்கு எளிதான எண்களைத் தேர்ந்து அச்சில் குறியிடுதல்.

நம் முதற் பிரிவுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். சிறுமம் 90, பெருமம் 94, வீச்சு 4. அதில் 5 விழுக்காடு 0.2. ஆகவே அச்சு 89.8-இல் தொடங்கி 94.2-இல் முடியும். இரண்டாம் பிரிவின் வீச்சு 10. அதன் அச்சு 59.5 முதல் 70.5 வரை அமையும். 4 அலகும் 10 அலகும் ஒரே உயரத்தில் நீட்டப்பட்டன. வேறுபாடு எவ்வளவு சிறிதாயினும் சட்டம் நிரம்ப அதனை நீட்டிக் காட்டுவதே தானியங்கி அளவின் இயல்பு. அதற்கு எண்கள் தெரியும். எண்களின் பொருள் தெரியாது. விழுக்காடு என்பது 0 முதல் 100 வரை செல்வது என்பதையோ, இரு படங்களும் ஒப்பிடுவதற்காக வரையப்பட்டவை என்பதையோ நாம் சொன்னாலன்றி அது அறியாது.

அந்நாளில் நெல்லளக்கும் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. பட்டணத்துப் படியும் பிற ஊர்ப் படியும் ஒன்றல்ல. 'பத்துப் படி நெல்' என்றால் 'எந்த ஊர்ப் படி?' என்று கேட்ட பின்னரே விலை பேசுவர் நம் முன்னோர். தானாக அளவு கொள்ளும் வரைபடமோ ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு புதுப் படியைச் செய்துகொள்கிறது. படியைக் கேட்காமல் நெல்லை ஒப்பிடுவது யார் குற்றம்?

பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

'எல்லா அச்சும் பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும்' என்று சிலர் விதி வகுப்பர். இவ்விதி பாதி உண்மையே.

பட்டை விளக்கப்படத்தில் பூச்சியம் இன்றியமையாதது. ஏனெனில் அங்கே கண் அளப்பது பட்டையின் நீளத்தை. 94-ஐயும் 90-ஐயும் 89-இலிருந்து தொடங்கும் பட்டைகளாக வரைந்தால், ஒன்றின் நீளம் 5 அலகு, மற்றதன் நீளம் 1 அலகு. ஐந்து மடங்கு போலத் தோன்றும். உண்மையில் ஒன்றினும் சற்றே மிகுந்தது. எட்வர்டு டஃப்டி 1983-இல் வெளியிட்ட நூலில், படம் காட்டும் மாற்றத்தை எண்களில் உள்ள மாற்றத்தால் வகுத்து அதற்குப் 'பொய்மைக் காரணி' என்று பெயரிட்டார். இங்கே படம் காட்டும் மாற்றம் 400 விழுக்காடு. எண்களின் மாற்றம் ஏறக்குறைய 4.4 விழுக்காடு. வகுத்தால் 90 வரும். உண்மையைத் தொண்ணூறு மடங்கு பெருக்கிய படம் அது! மேட்பிளாட்லிப் பட்டைகளைத் தானாகவே பூச்சியத்திலிருந்து வரைகிறது. எக்செல் போன்ற விரிதாள்கள், எண்களின் வேறுபாடு சிறிதாயின் அச்சின் தொடக்கத்தைத் தாமே உயர்த்திவிடுவது உண்டு. அங்கே நாமே தலையிட்டுத் தொடக்கத்தைப் பூச்சியமாக்க வேண்டும்.

கோட்டுப் படத்திலும் புள்ளிப் படத்திலும் நிலைமை வேறு. அங்கே கண் நோக்குவது இடத்தையும் சாய்வையும். காய்ச்சல் கண்ட நோயாளியின் உடல் வெப்பத்தைப் பதிவு செய்யும் தாளை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் பயன்படுத்திய பாதரச வெப்பமானியில் அளவுகள் 94 பாகையை ஒட்டித் தொடங்கி 108 பாகையில் முடிந்தன. பூச்சியத்திலிருந்து அளவிட்டால் 98.6-க்கும் 104-க்கும் உள்ள வேறுபாடு மெல்லிய நடுக்கமாகவே தெரியும். உயிரைப் பறிக்கும் காய்ச்சல் படத்தில் மறைந்துபோகும். பூச்சியம் இல்லாமையால் பொய்யாகும் படமும் உண்டு. பூச்சியம் இருப்பதாலேயே பொய்யாகும் படமும் உண்டு.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு மாற்றம் பொருட்படுத்தத் தக்கது?' என்பதே. உடல் வெப்பத்தில் ஐந்து பாகை பெரிது. 50 பேர் கொண்ட வகுப்பின் தேர்ச்சியில் 4 விழுக்காடு சிறிது. இவ்விடையைத் தருவது கணிப்பொறி அன்று. அத்துறையை அறிந்த மனிதர்.

மடக்கை அளவுத்திட்டம்

இதுவரை கண்டது சம இடைவெளிக்குச் சம எண் என்னும் அளவுத்திட்டம். 1-க்கும் 2-க்கும் உள்ள தொலைவே 101-க்கும் 102-க்கும் இருக்கும். மடக்கை அளவுத்திட்டத்தில் சம இடைவெளிக்குச் சம மடங்கு. 1, 10, 100, 1000 ஆகியவை ஒரே இடைவெளியில் நிற்கும்.

இதன் பயனைத் தமிழ் மாணவர் சொல் எண்ணிக்கையில் எளிதாக உணரலாம். நீண்ட உரைநடை நூல் ஒன்றின் சொற்களை எண்ணினால், ஒருசில சொற்கள் ஆயிரக்கணக்கில் வரும். பெருந்தொகையான சொற்கள் ஒரே முறை வரும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 'மரம்', 'மரத்தை', 'மரத்தில்' என்பன தனித்தனியே எண்ணப்பட்டு, ஒருமுறை வரும் வடிவங்கள் இன்னும் பெருகும். இவற்றைச் சாதாரண அச்சில் வரைந்தால், முதற் சில சொற்கள் வானளாவ நிற்க, ஏனைய எல்லாம் அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடக்கும். நூலின் சொல்வளம் முழுவதும் அந்த அடிக்கோட்டில் புதைந்துவிடும். இரு அச்சுகளையும் மடக்கை அளவுக்கு மாற்றினால், கிடந்தவை எழுந்து ஏறத்தாழ ஒரு நேர்க்கோட்டில் இறங்கிவரும். சொல்லின் வரிசையெண் ஏற ஏற அதன் வரவு அதே விகிதத்தில் குறைகிறது என்று அமெரிக்க மொழியறிஞர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப் 1930-களிலும் 1940-களிலும் எடுத்துரைத்த ஒழுங்கு இதுவே. மேட்பிளாட்லிப்பில் அச்சின் அளவை 'லாக்' என மாற்றும் ஒரு வரிக் கட்டளையும், நூப்ளாட்டில் 'செட் லாக்ஸ்கேல்' என்னும் கட்டளையும் இதற்குப் போதுமானவை.

மடங்கு மடங்காகப் பெருகுவனவற்றையும் இவ்வளவு நன்கு காட்டும். 2020-இல் கொரோனா தொற்றுப் பரவியபோது செய்தித்தாள்கள் பல இவ்வச்சையே பயன்படுத்தின. குறித்த நாள்களுக்கு ஒருமுறை இருமடங்காகும் எண்ணிக்கை அதில் நேர்க்கோடாகத் தெரியும். பரவல் தணிந்தால் கோடு வளைந்து அதன் சாய்வு குறையும். ஆனால் அச்சின் இயல்பை அறியாதவர், கோட்டின் சாய்வு குறைவது கண்டு நோய் குறைந்துவிட்டது எனக் கருதவும் கூடும். பெருகும் வேகம் குறைவது வேறு. எண்ணிக்கை குறைவது வேறு.

இரண்டு எச்சரிக்கைகள் உள. ஒன்று, பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. 'அவ்வாண்டில் ஒருவரும் சேரவில்லை' என்னும் செய்தி மடக்கை அச்சில் இடம்பெறாமல் ஓசையின்றி மறைந்துவிடலாம். பூச்சியத்தை ஒட்டிச் சாதாரண அளவும், அப்பால் மடக்கை அளவும் கொண்ட கலப்பு அளவு ஒன்றை மேட்பிளாட்லிப் 'சிம்லாக்' என்னும் பெயரில் தருகிறது. மற்றொன்று, பூச்சியம் இல்லாத அச்சில் பட்டையின் நீளத்துக்குப் பொருள் இல்லை. ஆதலால் மடக்கை அச்சில் பட்டைகளைத் தவிர்த்துப் புள்ளிகளையே இட வேண்டும்.

எல்லை இடுதலும் எண்களை இழத்தலும்

தானியங்கி அளவு வேண்டாம் எனில் எல்லையை நாமே நிறுவலாம். நூப்ளாட்டில் 'செட் ஒய்ரேஞ்ச்', மேட்பிளாட்லிப்பில் 'செட் ஒய்லிம்', ஆர் மொழியில் 'ஒய்லிம்' என்னும் சொற்கள் இதற்கு உரியன. இங்கும் மூன்று குழிகள் உள்ளன.

முதலாவது, கட்டளைகளின் வரிசை. மேட்பிளாட்லிப்பில் எல்லையை நிறுவியதும் தானியங்கி அளவு நின்றுவிடும். அதன் பின் சேர்க்கும் எண்கள் எல்லைக்கு வெளியே விழுந்தால், அவை படத்தில் தோன்றா, எச்சரிக்கையும் வராது. முதலில் எண்கள் அனைத்தையும் வரைந்துவிட்டுப் பின்னர் எல்லையை நிறுவி, வெளியே விழுந்தது எது என்று சரிபார்த்தல் நன்று.

இரண்டாவது, மறைத்தலும் நீக்கலும் ஒன்றல்ல. ஆர் மொழியில் இயங்கும் ஜிஜிபிளாட் 2 என்னும் தொகுப்பில் அளவுக்கே எல்லை விதித்தால், வெளியே உள்ள எண்கள் கணக்கிலிருந்தே நீக்கப்படும். நீக்கிய பின்னரே சராசரியும் போக்குக்கோடும் கணிக்கப்படும். ஆயத்தளத்துக்கு எல்லை விதித்தால் படம் மட்டும் நெருங்கி வரும், கணக்கு மாறாது. முன்னது மாணவரை வருகைப்பதிவேட்டிலிருந்து நீக்குவது. பின்னது புகைப்படத்தில் விளிம்பை வெட்டுவது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றுவதுதான் இடர்.

மூன்றாவது, ஒற்றைப் பேரெண். 'விவரம் இல்லை' என்பதற்குக் குறியீடாக யாரோ இட்ட 999 என்னும் எண் தேர்ச்சி விழுக்காடுகளிடையே கலந்துவிட்டால், அச்சு ஆயிரம் வரை நீளும். ஏனைய எண்கள் யாவும் அடியில் நசுங்கும். அப்போது அச்சைத் திருத்துதல் கூடாது; எண்ணைத் திருத்த வேண்டும். அதே சமயம், பேரெண் உண்மையான செய்தியாகவும் இருக்கலாம். வெட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டும்.

ஒப்பிடும்போது

ஒப்பிடுவதற்கென இரண்டு படங்களை அருகருகே வைத்தால் இரண்டுக்கும் ஒரே அளவுத்திட்டம் வேண்டும். மேட்பிளாட்லிப்பில் படச்சட்டங்களை உருவாக்கும்போதே 'ஷேர்-ஒய்' எனக் குறிப்பிட்டால் போதும். நாம் அன்று விட்டது இந்த ஒரு சொல்லைத்தான்.

ஒரே படத்தில் இடப்புறம் ஓர் அச்சும் வலப்புறம் வேறோர் அச்சும் வைப்பது இதனினும் இடர் மிக்கது. இரு அளவுகளையும் விரும்பியபடி நீட்டியும் சுருக்கியும், தொடர்பற்ற இரு கோடுகளை ஒட்டி நடக்கச் செய்யலாம், வெட்டிக்கொள்ளவும் செய்யலாம். அவை வெட்டும் இடத்துக்கு எப்பொருளும் இல்லை. கூடுமானவரை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு படங்களாக வரைதலே நேர்மை.

சட்டத்துக்கு வெளியே நின்ற எண்

அளவுத்திட்டம் உயிர்ப் பிரச்சினையும் ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் சான்று. 1986 சனவரி 28-ஆம் நாள் அது ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து எழுவர் உயிரிழந்தனர். உந்துகலத்தின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் நெகிழ்ச்சி குன்றியதே காரணம். முந்தைய இரவு பொறியாளர்கள் குளிரைச் சுட்டி ஏவுதலைத் தடுக்க முயன்றனர். மேலாளர்கள் அதனை ஏற்கவில்லை.

அன்று கைவசம் இருந்த எண்கள் இவை: முந்தைய பயணங்களில் இணைப்பின் வெப்பநிலை 53 முதல் 81 பாகை பாரன்ஹீட் வரை. 65 பாகைக்குக் கீழே ஏவப்பட்ட நான்கு பயணங்களிலும் வளையம் தாக்குண்டிருந்தது. அதற்கு மேலே ஏவப்பட்ட இருபதில் மூன்றில் மட்டுமே தாக்குண்டிருந்தது. பின்னர் அமைந்த விசாரணைக்குழு, தாக்குண்ட பயணங்களை மட்டும் கொண்ட படத்தையும் எல்லாப் பயணங்களும் கொண்ட படத்தையும் வெளியிட்டது. முன்னதில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. பின்னதில் குளிருக்கும் சேதத்துக்கும் உள்ள உறவு தெளிவாகத் தெரிந்தது.

இந்த எண்களை இன்றைய நிரல் ஒன்றுக்குக் கொடுத்தால், அது கிடை அச்சை ஏறக்குறைய 52 முதல் 82 வரை அமைக்கும். மறுநாள் எதிர்பார்த்ததோ 30 பாகையை ஒட்டிய குளிர். அந்த எண் சட்டத்துக்கு வெளியே நிற்கும். முடிவு எடுக்க வேண்டிய வெப்பநிலை படத்திலேயே இராது! அச்சை 25-இலிருந்து தொடங்குமாறு மனிதர் ஒருவர் கட்டளையிட்டால்தான், அறிந்த எண்களுக்கும் அந்த நாளுக்கும் இடையே உள்ள அகன்ற வெற்றிடம் கண்ணில் படும். ஒரு படம் மட்டுமே அவ்வெழுவரைக் காத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால், தானியங்கி அளவு நடந்ததை மட்டுமே அறியும். நடக்கப்போவதற்கு இடம் விடாது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

நிறைவாக

வரைபடம் ஒன்றைக் காணும் மாணவர் கோட்டைப் பார்ப்பதற்கு முன் அச்சைப் படிக்க வேண்டும். எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? சம அளவா, மடக்கை அளவா? பக்கத்துப் படத்தோடு ஒத்த அளவா? நமக்கு வேண்டிய எண் சட்டத்துக்குள் இருக்கிறதா? இவ்வைந்து வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே ஏற்றம் என்றோ இறக்கம் என்றோ பேசுதல் தகும். வரைபவர், தாம் கொண்ட அளவுத்திட்டத்தைப் பழைய வழக்கப்படி மூலையில் ஒரு வரி எழுதிவைத்தால் இன்னும் நன்று.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். இன்றைய அவைகளில் துலாக்கோலாக நிற்பவை வரைபடங்கள். கோலைச் செய்வது கணிப்பொறி ஆகலாம். அது கோணாதிருக்கிறதா என்று நோக்கும் கடமை நம்முடையதே.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், இரு பிரிவுகளையும் 0 முதல் 100 வரையுள்ள ஒரே அச்சில் வரைந்து, அப்பெரியவரிடம் எடுத்துச் சென்றோம். நெடுநேரம் நோக்கியவர், "முதலில் இதையல்லவா காட்டியிருக்க வேண்டும்?" என்றார். பின்னர் அந்த மூத்த ஆசிரியரின் வீட்டுக்கு வழி கேட்டு, அவரே நேரில் சென்று பேசிவந்தார். அதன் பிறகு நாம் வரையும் எந்தப் படத்திலும் அச்சின் எல்லையைக் கணிப்பொறியின் முடிவுக்கு விட்டதில்லை.